மூன்று படிகளில் அலுவலக ஆங்கிலம்: கேம்பிரிட்ஜ் பெக் தேர்வின் எழுத்துத் தாள்கள், ஒரு மதிப்பாய்வு

அலுவலகத்தில் எழுதப்படும் ஆங்கிலத்தை அளப்பதற்காக நடத்தப்பட்டுவந்த தேர்வுகளில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு நன்கு பழக்கமான பெயர் பெக். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவு வழங்கிய ‘பிசினஸ் இங்கிலீஷ் சர்டிஃபிகேட்’ என்பதன் சுருக்கம் அது. குறிப்பாகப் பொறியியல் கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே பல ஆண்டுகள் இத்தேர்வு பேசப்பட்டது. இருந்தும் அதன் நான்கு திறன்களில் எழுத்துத் தாளுக்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு. பேச்சுத் தேர்வுக்கு ஒத்திகை நடக்கும், கேட்டல் தேர்வுக்கு ஒலிப்பதிவுகள் வரிசையாக ஓடும். எழுத்துக்கோ கடைசி வாரத்தில் சில கடித மாதிரிகளை மனப்பாடம் செய்வதோடு பயிற்சி முடிந்துவிடும். மாணவர்களுக்கும் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அலுவலக எழுத்துப் பயிற்சி அளித்துவருபவன் என்ற முறையில், அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, பிரிலிமினரி, வான்டேஜ், ஹையர் என்ற மூன்று நிலைகளிலும் அது எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்று இங்கே பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சுருக்கமான பின்னணி. பெக் தேர்வு 1993-ல் சீனாவில் தொடங்கப்பட்டு, பின்னர் மற்ற நாடுகளுக்கும் விரிந்தது. தொடக்கத்தில் நிலைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களால் குறிக்கப்பட்டன. 2002-ல் நடந்த திருத்தத்தோடு இப்போது நாம் அறிந்த பெயர்கள் வந்தன. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளை வகுக்கிறது. அவற்றில் பிரிலிமினரி பி1-க்கும், வான்டேஜ் பி2-க்கும், ஹையர் சி1-க்கும் நேராக அமைகின்றன. பிந்தைய ஆண்டுகளில் ‘பி1 பிசினஸ் பிரிலிமினரி’ என்பதுபோல நிலைக் குறியீடே தேர்வின் பெயரில் முன்னொட்டாகச் சேர்ந்தது.

நிலைகளாகப் பிரிக்கப்பட்ட எந்த மொழித் தேர்வையும் பார்ப்பவர்களுக்கு இயல்பாக எழும் எண்ணம், மேல்நிலைக்குப் போகப்போகச் சொற்கள் கடினமாகும், வாக்கியங்கள் நீளும் என்பதுதான். நம் பயிற்சி மையங்கள் பலவும் இந்த எண்ணத்தில்தான் பாடம் நடத்துகின்றன. வான்டேஜ் மாணவருக்கு ஒரு சொற்பட்டியல், ஹையர் மாணவருக்கு அதைவிடப் பெரிய சொற்பட்டியல். ஆனால் மூன்று நிலைகளின் வினாத்தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தால், நிலைக்கு நிலை மாறுவது எழுத வேண்டிய வேலையின் தன்மை என்பது தெளிவாகும். யாருக்கு எழுதுகிறோம், நம் கையில் எவ்வளவு தகவல் தரப்படுகிறது, அதில் எதை எடுப்பது எதை விடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு நமக்கு எவ்வளவு இருக்கிறது என்பவைதான் படிப்படியாக மாறுகின்றன. இந்தத் தேர்வின் மீது எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம் இந்த வடிவமைப்பே.

பிரிலிமினரி நிலையில் இரண்டு பணிகள். முதலாவது, நிறுவனத்துக்குள்ளேயே அனுப்பும் குறிப்பு, மெமோ அல்லது மின்னஞ்சல். 30 முதல் 40 சொற்கள். என்ன எழுத வேண்டும் என்பது மூன்று குறிப்புகளாக வினாத்தாளிலேயே கொடுக்கப்பட்டுவிடும். அடுத்த வாரம் நீங்கள் பயிற்சிக்காக வெளியூர் செல்கிறீர்கள், உங்கள் பிரிவினருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள், ஏன் செல்கிறீர்கள், அதுவரை யாரை அணுக வேண்டும், என்று திரும்புவீர்கள் என்பவற்றைக் குறிப்பிடுங்கள் என்ற வகையில் இருக்கும். இரண்டாவது பணி வெளியாருக்கு எழுதும் கடிதம் அல்லது மின்னஞ்சல். 60 முதல் 80 சொற்கள். வந்திருக்கும் ஒரு கடிதத்தைப் படித்து, கொடுக்கப்பட்ட நான்கு குறிப்புகளையும் சேர்த்துப் பதில் எழுத வேண்டும்.

இந்தச் சிறிய அளவைப் பார்த்துப் பலர் இது எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். நம் ஊர் எழுத்துப் பழக்கத்தோடு வருபவர்களுக்கு 40 சொல் வரம்பு உண்மையில் கடுமையானது. பள்ளியில் கற்ற விடுப்பு விண்ணப்பத்திலும், அரசு அலுவலகங்களில் வழங்கும் கடித நடையிலும், விஷயத்துக்கு வருவதற்கு முன்பே ‘வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ் சப்ஜெக்ட்’ என்று தொடங்கி, முடிவில் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்று வணங்கி விடைபெறுவது வழக்கம். இரண்டு முனைகளிலும் இப்படி எழுதினால் வரம்பில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். கேட்கப்பட்ட மூன்று விஷயங்களில் ஒன்று விடுபட்டுப்போகும். அப்படி விடுபடுவது உள்ளடக்கத்தில் மதிப்பெண் இழப்பு. ஆக, பி1 நிலையிலேயே இந்தத் தாள் ஒரு நல்ல பழக்கத்தை வற்புறுத்துகிறது: படிப்பவருக்குத் தேவையானதை முதலில் சொல்வது. கல்லூரி முதலாண்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு குறுகிய பயிற்சியை நான் கண்டதில்லை.

அதே சமயம் இதன் குறையையும் சொல்ல வேண்டும். எழுத வேண்டிய எல்லாக் கருத்துகளும் வினாவிலேயே தரப்படுவதால், சற்றுத் துணிவுள்ள தேர்வர் வினாவின் சொற்களையே முன்பின்னாக மாற்றி அடுக்கித் தேறிவிட முடியும். இரண்டு பணிகளையும் சேர்த்தாலும் 120 சொற்கள்தான். அந்த அளவை வைத்து ஒருவர் ஒரு மாதத்துக்குரிய அலுவலக மின்னஞ்சல்களைக் கையாள்வாரா என்று சொல்வது கடினம். பிரிலிமினரி சான்றிதழை எழுத்துத் திறனுக்கான ஆதாரமாக ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டால், அது அந்தத் தாளால் தாங்க முடியாத சுமை என்பது என் கருத்து.

வான்டேஜ் நிலைக்கு வரும்போது தேர்வு முழுமை பெறுகிறது. எழுத்துக்குத் தனியாக 45 நிமிடங்கள். முதற்பணி, முன்போலவே உள் அலுவலகச் செய்தி, 40 முதல் 50 சொற்கள். இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டாம் பணிதான் இந்தத் தாளின் உயிர். கடிதம், சிறு அறிக்கை அல்லது முன்மொழிவு ஒன்றை 120 முதல் 140 சொற்களில் எழுத வேண்டும். அதற்கான தகவல் ஒரு கடிதமாக, விளம்பரமாக, அட்டவணையாக, சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளாகத் தரப்படும். அவற்றின் ஓரத்தில் கையெழுத்தில் குறிப்புகள் கிறுக்கப்பட்டிருக்கும்.

அந்த ஓரக் குறிப்புகளில்தான் வடிவமைத்தவர்களின் நுணுக்கம் இருக்கிறது. ஒரு வழங்குநர் விலை உயர்வை அறிவித்து எழுதிய கடிதம் உங்கள் முன் இருக்கிறது என்று கொள்வோம். விலை உயர்வு பற்றிய வரியின் அருகே ‘வேண்டாம், காரணம் சொல்’ என்று ஒரு குறிப்பு. சரக்கு தவறாமல் வந்துசேர்கிறது என்று அவர்கள் பெருமை கொள்ளும் இடத்தில் ‘சென்ற மாதம் தாமதம்’ என்று இன்னொன்று. ஒப்பந்தக் காலம் பற்றிய வரியில் ஒரு கேள்விக்குறி. இந்தக் குறிப்புகள் எல்லாம் உங்கள் மேலாளர் உங்களிடம் பேசும் மொழியில், அரைகுறை வாக்கியங்களாக, சற்றுக் கறாராக இருக்கும். அவற்றை அப்படியே கடிதத்தில் எடுத்து வைக்க முடியாது. உறவு முறியாமல் மறுக்க வேண்டும், குற்றஞ்சாட்டும் தொனியின்றித் தாமதத்தை நினைவூட்ட வேண்டும், கேள்விக்குறியை மரியாதையான ஒரு வினாவாக்க வேண்டும். நான்கைந்து சிறு குறிப்புகளைக் கோவையான ஒரு கடிதமாக மாற்றும் இந்த வேலைதான் எந்த அலுவலகத்திலும் இளநிலை ஊழியர் நாள்தோறும் செய்வது. மேலாளர் தொலைபேசியில் மூன்று வரி சொல்லிவிட்டுப் போவார். வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சல் அவர் பெயருக்கும் நிறுவனத்துக்கும் தகுந்ததாக இருக்க வேண்டும். இந்த நிகழ்வை இவ்வளவு சிறிய இடத்தில், இவ்வளவு நேர்மையாக வினாவாக்கிய இன்னொரு தேர்வை நான் அறியேன்.

நம் மாணவர்கள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். இலக்கணப் பிழை அவர்களைப் பெரிதாக வீழ்த்துவதில்லை. ‘வேண்டாம்’ என்பதை அப்படியே சொல்லிவிடுவது ஒரு வகை. மறுப்பையே தெரியாதபடி மன்னிப்பு வாசகங்களில் மூடிவிடுவது இன்னொரு வகை. இரண்டாவது வகைக் கடிதத்தைப் படிக்கும் வழங்குநர் விலை உயர்வு ஏற்கப்பட்டுவிட்டது என்றே புரிந்துகொள்வார். மூத்தவர்களிடம் நேராக மறுப்புச் சொல்லிப் பழகாத பிள்ளைகளுக்கு இது மொழிச் சிக்கலைவிடப் பழக்கச் சிக்கல். அதற்குச் சொற்பட்டியல் மருந்தாகாது, திரும்பத் திரும்ப எழுதித் திருத்துவதுதான் வழி.

ஹையர் நிலையில் எழுத்துக்கு 70 நிமிடங்கள். முதற்பணியில் ஒரு வரைபடமோ பட்டை விளக்கப்படமோ தரப்பட்டு, அதிலுள்ள போக்குகளை ஒப்பிட்டு 120 முதல் 140 சொற்களில் ஒரு சிறு அறிக்கை எழுத வேண்டும். இரண்டாம் பணியில் அறிக்கை, முன்மொழிவு, கடிதம் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்வர் தெரிந்தெடுத்து 200 முதல் 250 சொற்களில் எழுத வேண்டும். வரைபடப் பணி எனக்கு அவ்வளவு நிறைவளிப்பதாக இல்லை. ஏறியது, இறங்கியது, நிலையாக நின்றது என்பதற்கான ஆங்கில வினைச்சொற்களை வகைவகையாகக் கற்றுக்கொண்டால் அதில் பெரும்பகுதியை இயந்திரம் போல எழுதிவிடலாம். அந்த எண்கள் ஏன் அப்படி மாறின, அதனால் என்ன செய்ய வேண்டும் என்று பணி கேட்பதில்லை. அலுவலகத்தில் ஒரு வரைபடத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனால் அவர் முதலில் கேட்பதே அதுதான்.

இரண்டாம் பணி அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. இங்கே தரப்படும் குறிப்புகள் தலைப்புகள் மட்டுமே. அவற்றுக்கு உள்ளடக்கத்தைத் தேர்வரே கற்பனை செய்து நிரப்ப வேண்டும். ஒரு துறையின் செயல்பாட்டை மேம்படுத்த முன்மொழிவு எழுதுங்கள் என்றால், தற்போதைய சிக்கல் என்ன, எதை மாற்றலாம், அதற்கு என்ன தேவை, என்ன பலன் என்பதையெல்லாம் தாமே உருவாக்கி, ஒன்றுக்கொன்று முரணில்லாமல் அடுக்க வேண்டும். பணி அனுபவம் உள்ளவருக்கு இது ஒரு வாய்ப்பு. அலுவலகத்தின் உள்ளே காலடியே வைத்திராத கல்லூரி மாணவருக்கோ, மொழி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சொல்ல விஷயம் இல்லாமல் போகும். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்துச் சரளமாக எழுதும் மாணவர்கள்கூட ஹையர் தாளில் வெறும் பொதுச் சொற்களால் பக்கத்தை நிரப்புவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் படிப்பு முடியும் முன்பே ஹையர் எழுதுமாறு மாணவர்களைத் தூண்டும் கல்லூரிகளின் போக்கு எனக்கு உடன்பாடில்லை.

திருத்தும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விடையும் உள்ளடக்கம், தொடர்பு நோக்கம் நிறைவேறிய விதம், ஒழுங்கமைப்பு, மொழி என்ற நான்கு கோணங்களில், ஒவ்வொன்றிலும் 0 முதல் 5 வரை அளக்கப்படுகிறது. இதில் உள்ளடக்கத்துக்கான அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது: கடிதம் யாருக்குப் போகிறதோ அவருக்குத் தெரிய வேண்டியது முழுமையாகத் தெரிந்ததா என்பதே அங்கு கேட்கப்படும் கேள்வி. படிப்பவரை மையமாக வைக்கும் இந்தப் பார்வை, பிழைகளைச் சிவப்பு மையால் எண்ணிக் கூட்டும் நம் வகுப்பறைத் திருத்தத்திலிருந்து வெகுவாக விலகி நிற்கிறது. பொருள் குழம்பாத சிறு பிழைகளுக்காகத் தேர்வர் பெரிதாகத் தண்டிக்கப்படுவதில்லை. தொனி தவறினால் ‘தொடர்பு நோக்கம்’ என்ற கோணத்தில் இழப்பு உண்டு.

மதிப்பெண்கள் கேம்பிரிட்ஜின் பொது அளவுகோலில் தெரிவிக்கப்படுகின்றன. பிரிலிமினரிக்கு 140, வான்டேஜுக்கு 160, ஹையருக்கு 180 தேர்ச்சிக் கோடு. வான்டேஜ் எழுதியவர் 180-ஐத் தொட்டால் சான்றிதழிலேயே சி1 திறன் குறிக்கப்படும். 160-க்குக் குறைந்து 140-க்கு மேல் பெற்றவருக்கு பி1 திறன் என்று சான்று கிடைக்கும். ஒரு படி தவறியவரைத் தோல்வி என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பாத இந்த ஏற்பாடு, நிலைகளாகப் பிரிந்த தேர்வுகளின் பெரிய அச்சத்தை, அதாவது தவறான நிலையைத் தெரிந்தெடுத்துப் பணத்தையும் காலத்தையும் இழந்துவிடுவோமோ என்ற கவலையை வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் ஒட்டுமொத்த மதிப்பெண் நான்கு திறன்களின் சராசரி. கேட்டலிலும் பேச்சிலும் நன்றாகப் பெற்ற ஒருவரின் பலவீனமான எழுத்து அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்ள முடியும். எழுத்துக்கான தனி மதிப்பெண் முடிவு அறிக்கையில் இருக்கிறது. ஆளெடுக்கும் நிறுவனங்கள் அதைக் கேட்டுப் பார்ப்பதே முறை.

இந்த மூன்று படி அமைப்பின் பெருமை, வேறு வகைத் தேர்வுகளோடு ஒப்பிடும்போது இன்னும் நன்றாகத் தெரியும். கேம்பிரிட்ஜே நடத்திய புலாட்ஸ் என்ற பணியிட மொழித் தேர்வு 2019 இறுதியோடு நிறுத்தப்பட்டு, அதன் இடத்துக்கு லிங்குவாஸ்கில் என்ற கணினிவழித் தேர்வு வந்தது. லிங்குவாஸ்கிலின் பிசினஸ் வகையில் எல்லா நிலையினருக்கும் ஒரே எழுத்துத் தாள்தான்: 45 நிமிடங்கள், கணினியில், குறைந்தது 50 சொற்களில் ஒரு மின்னஞ்சல், குறைந்தது 180 சொற்களில் ஒரு நீண்ட விடை. திருத்துவது பெரும்பாலும் கணினி நிரல் என்பதால் முடிவு விரைவில் வந்துவிடும். எழுத்தை மட்டும் தனித் தேர்வாக எழுதவும் வழி உண்டு. நூறு ஊழியர்களின் நிலையை ஒரே வாரத்தில் அறிய வேண்டிய மனிதவளத் துறைக்கு இது உண்மையிலேயே பெரும் வசதி. ஆனால் தொடக்க நிலையில் இருப்பவருக்கு 180 சொல் பணி ஒரு மலை. அவரால் என்ன முடியாது என்பதை அது காட்டுமே தவிர, என்ன முடியும் என்பதைக் காட்டும் இடம் அந்த 50 சொல் மின்னஞ்சல் ஒன்றுதான். சொற்களுக்கு மேல்வரம்பு இல்லாததால், சுருங்கச் சொல்லும் திறனைச் சோதிக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது.

அமெரிக்காவின் ஈடிஎஸ் என்ற தேர்வு நிறுவனம் நடத்தும் பணியிட ஆங்கிலத் தேர்வான டோயிக் 1979-ல் ஜப்பானில் தொடங்கியது. எழுத்துத் தேர்வு அதில் சேர்ந்தது 2006-ல்தான். அது வேறொரு வழியைக் கையாள்கிறது. ஒரே தாளுக்குள் எட்டு வினாக்கள் படியேறுகின்றன: முதல் ஐந்தில் ஒரு படத்தைப் பார்த்து, தரப்பட்ட இரண்டு சொற்களைப் பயன்படுத்தி ஒரே வாக்கியம், அடுத்த இரண்டில் மின்னஞ்சலுக்குப் பதில், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், கடைசியில் அரை மணி நேரத்தில் ஒரு கருத்துக் கட்டுரை. தொடக்க நிலையினருக்கும் ஏதாவது எழுத முடிகிறது, உயர்நிலையினருக்கும் இடம் கிடைக்கிறது என்ற வகையில் இது அறிவார்ந்த அமைப்பு. குறை கடைசி வினாவில் இருக்கிறது. நன்கு எழுதுபவர்களைப் பிரித்துக் காட்ட வேண்டிய அந்தப் பணி, கல்லூரிக் கட்டுரையைப் போன்றது. எந்த அலுவலகமும் தன் ஊழியரிடம் 300 சொல்லில் தன் கருத்தைக் காரணங்களோடு எழுதித் தா என்று கேட்பது அரிது. படத்துக்கு ஒரு வாக்கியம் எழுதுவதும் அப்படித்தான். நடுவிலுள்ள இரண்டு மின்னஞ்சல்கள் மட்டுமே அலுவலக எழுத்துக்கு அருகில் வருகின்றன. அதன் மதிப்பெண் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும் என்பதையும் கருத வேண்டும். பெக் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தபின் என் பரிந்துரை இதுதான். எழுத்துத் தாளை மட்டும் கருதினால் வான்டேஜ் மூன்றிலும் சிறந்தது; இறுதியாண்டு மாணவரும், வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆனவரும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். பிரிலிமினரியைத் தகுதிச் சான்றாகக் கருதாமல், எழுத்துப் பழக்கத்தைத் திருத்திக்கொள்ளும் தொடக்கப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம். ஹையர், குழுவை நடத்துபவர்களுக்கும், வாடிக்கையாளருக்கு முன்மொழிவு எழுதும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் உரியது. அவர்கள் முதற்பணியைவிட இரண்டாம் பணிக்கே பயிற்சி நேரத்தைக் கொடுப்பது நல்லது. ஒரே சமயத்தில் பலரின் நிலையை விரைந்து அறிய வேண்டிய நிறுவனத்துக்கு லிங்குவாஸ்கில் பொருந்தும். பதிவு செய்யும் முன் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தேர்வு மையத்தில் தேர்வு இப்போதும் நடத்தப்படுகிறதா, அடுத்த தேர்வு நாள், கட்டணம், தாளில் எழுதுவதா கணினியிலா என்ற நான்கையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கணினியில் எழுதுவதானால், எழுத்துப்பிழையைத் தானே திருத்தித் தரும் வசதி இல்லாமல் தட்டச்சு செய்து பழகிக்கொள்வது அவசியம்.

தயாரிப்புக்குக் கடைகளில் விற்கும் மாதிரிக் கடிதத் தொகுப்புகளை நாட வேண்டியதில்லை. ஆசிரியர்களுக்காகக் கேம்பிரிட்ஜ் வெளியிட்டிருக்கும் கையேடுகளில், உண்மையான தேர்வர்கள் எழுதிய விடைகளும், ஒவ்வொன்றுக்கும் தேர்வாளர் அளித்த மதிப்பெண்ணும், அதற்கான விளக்கமும் அச்சாகியிருக்கின்றன. அவற்றில் நடுத்தர மதிப்பெண் பெற்ற விடைகளை எடுத்து, விளக்கத்தைப் படிக்காமல் முதலில் நீங்களே நான்கு கோணங்களிலும் மதிப்பெண் இட்டுப் பாருங்கள். பிறகு தேர்வாளர் என்ன சொல்கிறார் என்று ஒப்பிடுங்கள். என் வகுப்புகளில் மாணவர்களின் எழுத்து வேகமாக மாறியது, அவர்கள் பிறர் கடிதத்தை இப்படிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான்.